நாலாவதாக ஒரு ஆள்

ஆளே இல்லாத கூடத்தில் கேமரா ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. தமயந்தி அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேசையிலிருந்து ஜன்னல் வரைக்கும் மெதுவாகத் திருப்பினாள். உள்ளே ஒரு சின்ன வெள்ளைக் கட்டம், புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவன் மாதிரி பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு ஃபிரிட்ஜ் மேல் கொஞ்சம் உட்கார்ந்தது, பிடிக்காமல் எழுந்தது, ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தது, காலண்டர் முருகன் முகத்துக்கு வந்ததும் அப்பாடா என்று பச்சையாகி நின்றுவிட்டது. உனக்கும் யாராவது வேண்டியிருக்கு இல்லையா என்று அவள் வாய்விட்டே கேட்டாள். தனியாக இருக்கிறவள் சாமான்களோடு பேசினால் பைத்தியம் என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும், கேட்க இங்கே யார் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டு டி.வி.யில் எவளோ ஒருத்தி மாமியாரைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு அவள் கவலை. ரசமும் அப்பளமுமாக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்திருந்தது, ஒருத்திக்காக யார் போய்க் கறி வாங்குவது, தட்டு இன்னும் தொட்டியில் கிடந்தது, கழுவலாம், தட்டு எங்கே ஓடிவிடப் போகிறது, ஐந்து மணிக்கு அவர்கள் வருவதற்குள் இந்தக் கேமராவைப் பழகியாக வேண்டும். அண்ணன் பெண் சிந்துஜாவின் கேமரா. அவளும் அவள் புருஷன் பிரதீப்பும் அடுத்த வாரம் ஜெர்மனிக்குக் கிளம்புகிறார்கள், போனால் எப்போது வருவார்களோ, அதற்கு முன்னால் குடும்பத்தோடு ஒரு நல்ல படம் வேண்டுமாம், இந்த உறையூர் ஃபிளாட்டின் மொட்டை மாடியில், சாயங்கால வெயிலில், பின்னால் மலைக்கோட்டை தெரிய. வியாழக்கிழமை வந்து பையோடு மடியில் வைத்துவிட்டு, ஸ்டுடியோக்காரங்க எல்லாம் வேணாம் அத்தை, நீங்கதான் எடுக்கணும், கத்துக்கிட்டு வைங்க என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். நீங்கதான் எடுக்கணும். கேட்ட நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் லிஃப்டில் இறங்கிப் போன பிறகு கதவைத் தாழ் போடும்போதுதான் தமயந்திக்கு உறைத்தது, எடுக்கிறவள் படத்தில் இருக்க மாட்டாளே.

சரி, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வேலையைக் கவனி என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். பாலிடெக்னிக் அலுவலகத்தில் காலமெல்லாம் குப்பை கொட்டியவள், புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்க்க முதலில் போய் உட்கார்ந்தவள், ஒரு கேமராவுக்கா பயப்படுவாள். ஆனால் இது லேசுப்பட்டதாக இல்லை. கையில் எடுத்தால் ஒரு கைக்குழந்தை கனம், கழுத்தில் மாட்டினால் பிடரியை இழுக்கிறது. கூட வந்த புத்தகத்தில் ஊர்ப்பட்ட மொழி இருக்கிறது, தமிழைத்தான் காணோம். முதல் நாள் ஆன் பண்ணிப் பார்த்தால் ஒரே கறுப்பு, ஐயையோ கெடுத்துவிட்டோமே, சிந்துஜாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அப்புறம் பார்த்தால் லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை. யூடியூபில் ஒரு பையன் தமிழில் சொல்லிக்கொடுக்கிறான், வாய் ஓயாமல் பேசுகிறான், வணக்கம் நண்பர்களே என்று அவன் ஆரம்பிக்கும்போதெல்லாம் இவளும் வணக்கம்ப்பா என்று சொல்லிவிடுகிறாள். அவன் சொல்லித்தான் இந்தக் கட்டத்தின் விஷயம் தெரிந்தது. எதிரே எத்தனை பேர் நின்றாலும் கேமரா தானாகவே முகங்களைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டுவிடுமாம், முகத்திலும் கண்ணைப் பிடித்துக்கொள்ளுமாம், அவர் நகர்ந்தால் அதுவும் கூடவே நகருமாம், நாம் சும்மா அமுக்கினால் போதுமாம். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்கிற கேமரா. அண்ணிக்கு இது ரொம்பப் பிடிக்கும் என்று தமயந்தி நினைத்துக்கொண்டாள், நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் எங்கேயோ சிக்கிக்கொண்டது. ஏனென்றால் அண்ணியைப் போல ஆள் எண்ணிப் போட்டோ எடுத்தவர் இந்தத் திருச்சியிலேயே கிடையாது. மேலே ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது, காற்றைத்தான் காணோம், ரவிக்கை முதுகோடு ஒட்டியது, எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி கேமராவைத் தூக்கினாள், கட்டம் நேரே முருகனிடம் போய் நின்றது.

மூணு பேராக நின்று போட்டோ எடுக்கக் கூடாது, நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது. ஊரெல்லாம் சொல்வதுதான், ஆனால் அண்ணிக்கு அது வேதவாக்கு. அண்ணன், அண்ணி, சிந்துஜா என்று அந்த வீட்டில் இருந்ததே மூணு பேர், அதற்கு மேல் பிள்ளை நிற்கவில்லை, ஆகவே எங்கே கேமராவைத் தூக்கினாலும் ஒரு ஆள் குறையும். சிந்துஜாவின் முதல் பிறந்தநாளுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனார்கள், விளக்கெல்லாம் போட்டு உட்கார வைத்தபிறகு ஸ்டுடியோக்காரரே இழுத்தாராம், கூட வேற யாரும் வரலையாம்மா என்று. அண்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலிடெக்னிக்குக்கே வந்துவிட்டார், தமா, அவசரம், அப்படியே வா. என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு சாப்பாட்டுப் பையோடு ஏறி உட்கார்ந்தாள். அந்தப் படத்தில் இவள் தோளில் பை வார் தெரியும், முகத்தில் பதற்றம் தெரியும், மடியில் ஜரிகைப் பாவாடையில் குழந்தை ஜோராக உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு ஆரம்பித்தது. பள்ளிக்கூட ஆண்டு விழா, புது வீட்டுப் பால்காய்ப்பு, கன்னியாகுமரி, காது குத்து, எங்கே பார்த்தாலும் கடைசியில் ஒரு ஓரமாகத் தமயந்தி. ஒரு ஆள் குறையுது, தமயந்தி வா என்று அண்ணி குரல் கொடுப்பாள், இவள் போய் நிற்பாள். கன்னியாகுமரிக்கு நீயும் வா என்று கூப்பிட்டபோது அண்ணிக்குத்தான் நம்மேல் எவ்வளவு பாசம் என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் புடவை எடுத்து வைத்தாள், கடற்கரையில் போட்டோக்காரன் வந்து நின்றதும்தான் எதற்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது புரிந்தது. புரிந்தும் நின்றாள், சிரித்தபடியே நின்றாள். ஒரு கோடையில் இவளுக்கு மஞ்சள்காமாலை, படுத்த படுக்கை, அவர்கள் கொடைக்கானல் போனார்கள், அங்கே ஆள் கிடைக்கவில்லை என்று குதிரைக்காரனுடைய நாயைப் பக்கத்தில் நிறுத்தி எடுத்துக்கொண்டார்கள். அதுவும் ஒரு உயிர்தானே, கணக்குக்குச் சரியாப் போச்சு என்று அண்ணி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே படத்தைக் காட்டினாள். நாய் நன்றாகத்தான் விழுந்திருந்தது, நேராகக் கேமராவைப் பார்த்திருந்தது, பதற்றம் ஒன்றும் இல்லை. பைத்தியக்கார நம்பிக்கை, படித்த ஜனங்கள், நானும் பிசிக்ஸ் வாத்தியார்களோடு உட்கார்ந்து டீ குடித்தவள்தானே, மூணு பேர் நின்றால் எமனுக்கு எப்படித் தெரியுமாம் என்று உள்ளுக்குள் தமயந்தி எத்தனையோ தடவை கேலி பேசியிருக்கிறாள். வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் கூப்பிட மாட்டார்களே.

அதற்காக அண்ணியைப் பொல்லாதவள் என்று சொல்லிவிட முடியுமா, அதுவும் கிடையாது, மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்து டப்பாவில் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கவைத்தவளும் அவள்தான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள், அதனால் எல்லாம் வாயில் வந்துவிடும். அப்புறம் அந்தக் குழந்தை, அந்தக் குழந்தையை என்ன சொல்ல. எப்போதும் ஓரத்தில் நிற்பவள் இவள், இவளுக்கு அடுத்தாற்போல் சிந்துஜா, எல்லாப் படத்திலும் அந்தப் பிஞ்சுக் கை இவள் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், யாரும் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தக் கையால்தான் இவளுக்கு வர இருந்த ஒரு கல்யாணமே நின்றது என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டுமென்று கேட்டபோது அண்ணன் கன்னியாகுமரிப் படத்தை எடுத்துக்கொண்டுபோய் ஸ்டுடியோவில் கொடுத்து இவளை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார், இதிலதான் நீ நல்லா சிரிச்சிருக்கே என்றார். வெட்டியதில் இடது பக்கம் புடவையைப் பிடித்திருந்த நாலு விரல் மட்டும் நின்றுவிட்டது, ஒருத்தரும் கவனிக்கவில்லை. கரூரிலிருந்து அந்த மாப்பிள்ளையின் அம்மா தரகரிடம் கேட்டு அனுப்பினாளாம், எல்லாம் சரி, அந்தக் குழந்தை யாருடையது என்று. அண்ணனுக்கு வந்ததே கோபம், அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று ஜாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வேறு படம் எடுத்து அனுப்பலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை, இவளுக்கே தோன்றவில்லை. தனியாக ஒரு ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்து, எனக்காக ஒரு படம் எடுங்கள் என்று கேட்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை. போகட்டும், அந்தக் கரூர்க்காரி மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், கரூரில் ஒரு வீட்டில் ஒரு கூடத்தில் உட்கார்ந்திருப்பாள், அங்கேயும் ஃபேன் இப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கும். விரல் என்னவோ கழுத்தில் தொங்கிய கேமராவின் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தது, டிக், டிக் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் திரையில் ஏதோ ஒரு படம் மாறியது, மலை, பூ, ஓடுகிற மனிதன், நிலா, கடைசியில் ஒரு கடிகாரம்.

கடிகாரத்தில் விரல் நின்றது. பையன் இதைச் சொன்னானே, பத்து வினாடி டைமர், அமுக்கிவிட்டு நீங்களே போய் நின்றுகொள்ளலாம் நண்பர்களே என்றானே, அப்போது காதில் விழுந்தும் மனசில் ஏறவில்லை. இப்போது ஏறியது, ஏறிய வேகத்தில் உட்கார முடியாமல் எழுந்துவிட்டாள். எடுக்கிறவளும் படத்தில் இருக்கலாம். யாரும் கூப்பிடவே வேண்டாம். பைக்குள் சிந்துஜா ஸ்டாண்டும் வைத்திருந்தாள், அதை விரித்து நிறுத்துவதற்குள் விரல் இடுக்கில் தோல் வழண்டுபோனது, இருக்கட்டும். எதிரே நிற்க ஆள் வேண்டுமே, நாற்காலியை வைத்துப் பார்த்தாள், கேமரா நாற்காலியை மதிக்கவே இல்லை. உள்ளே போய் அலமாரி மேலிருந்து சிந்துஜாவின் கல்யாணப் படத்தைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டுவந்து நாற்காலியில் சாய்த்து வைத்தாள், சட்டென்று நாலு கட்டம் வந்துவிட்டது, அண்ணன் ஒன்று, அண்ணி ஒன்று, சிந்துஜா ஒன்று, பிரதீப் ஒன்று. அந்தப் படம் எடுத்தபோது தமயந்தி மேடைக்குக் கீழே நகைப்பையை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். பழக்கதோஷம், போட்டோ என்றதும் கால் தன்பாட்டுக்கு மேடைப்படி ஏறிவிட்டது, அப்போதுதான் அண்ணி மாப்பிள்ளையை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வந்தவர்களைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்தபடி சொன்னாள், அப்பாடா, நாலு பேர் ஆயிட்டோம், இனிமே ஆள் தேட வேண்டாம். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, தமயந்தி படியில் நிற்பதையே அவள் பார்க்கவில்லை. இனிமே ஆள் தேட வேண்டாம். ஏறிய படியை இறங்குவதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று குனிந்து பையில் எதையோ துழாவுவதுபோலத் துழாவிக்கொண்டே இறங்கினாள். அது இருக்கட்டும், இப்போது டைமரை அமுக்கு. அமுக்கினாள், முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்றது, ஓடினாள், கால் ஸ்டாண்டின் காலில் தட்டியது, க்ளிக். பார்த்தால் புடவை முந்தானை மட்டும் பறந்துகொண்டிருக்கிறது. மறுபடி. இந்தத் தடவை முதுகு. மறுபடி. அரைக் கண்ணும் திறந்த வாயும், சீ. விளக்கு முதலில் நிதானமாக மினுக்கும், முடியப்போகும்போது படபடவென்று அடித்துக்கொள்ளும், அந்தப் படபடப்பு தொடங்குவதற்குள் போய் நின்றுவிட்டால் போதும் என்பது நாலைந்து தரம் ஓடிய பிறகு பிடிபட்டது. மூச்சு வாங்கியது, ஐம்பத்தாறு வயசில் ஒரு பொம்பளை பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் ஓடிப் பழகுகிறாள், கீழ் ஃபிளாட்டில் என்ன நினைப்பார்களோ. கடைசியில் ஒரு படம் ஒழுங்காக விழுந்தது. நாற்காலியில் சட்டம் போட்ட நாலு பேர், பக்கத்தில் வியர்த்து விறுவிறுத்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் தமயந்தி. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு அழித்துவிட்டாள்.

அழித்ததும் பயம் வந்து பிடித்துக்கொண்டது. ஓடிப் போய் நின்றால், நீ எதுக்குத் தமயந்தி ஓடி வர்றே, சும்மா அமுக்கேன் என்று அண்ணி சொல்லிவிட்டால். சொல்லக்கூடியவள்தான். அப்போது முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது, மாப்பிள்ளை வேறு நிற்பார். முதலிலேயே கேட்டுவிடலாம், நானும் நிற்கட்டுமா அண்ணி என்று, நிற்கட்டுமா என்று கேட்டுத்தான் நிற்க வேண்டுமா, நான் யார், அவருக்குக் கூடப்பிறந்தவள் இல்லையா. சும்மா விளையாட்டுக்குச் சொல்வதுபோலச் சொல்லலாம், இந்த டைமரைச் சோதிச்சுப் பாக்கறேன் என்று. அது நல்ல யோசனை, சோதனைக்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டே போய் நின்றுவிட வேண்டும், எடுத்தபிறகு யார் அழிக்கப்போகிறார்கள், அழித்தால், அழிக்க மாட்டார்கள், சிந்துஜா அழிக்க விடமாட்டாள், அவளும் அழித்தால். இந்தப் படம்தான் பெரிசாகச் சட்டம் போட்டு அண்ணன் வீட்டுக் கூடத்தில் தொங்கப்போகிறது, இன்னொன்று ஜெர்மனிக்குப் போய் ஏதோ ஒரு குளிர்ந்த சுவரில் தொங்கும், நாளைக்கு அங்கே யாராவது பார்த்து இவங்க யார் என்று ஒவ்வொருவராகக் கேட்பார்கள். அதில் தான் இருக்கிறோமா இல்லையா, இவ்வளவுதான் விஷயம், வேறொன்றும் தமயந்திக்கு வேண்டியதில்லை. தனக்குப் பிறகு இந்த ஃபிளாட்டைக் காலி செய்கிறவர்கள் என்னென்ன எடுத்துப் போடுவார்கள் என்று ஒரு நாள் சும்மா எண்ணிப் பார்த்தாள், தன் முகம் உள்ள படம் ஒன்றாவது யாராவது வைத்துக்கொள்வார்களா என்ற இடத்தில் நினைப்பு நின்றுபோனது, அதற்கு மேல் போகவில்லை. முகம் கழுவிக்கொண்டாள். பழுப்புப் புடவையைக் கட்டினாள், மலைக்கோட்டை முன்னால் பழுப்பு எடுக்காது என்று அவிழ்த்துவிட்டு மாம்பழ மஞ்சளைக் கட்டினாள், ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி இருக்கிறதே என்று கண்ணாடியில் பார்த்துக் கூச்சப்பட்டு மறுபடி பழுப்பையே கட்டினாள். தட்டைக் கழுவி வைத்தாள். டீக்குப் பால் அடுப்பில் ஏறியபோது காலிங்பெல் அடித்தது.

வந்தது மூன்று பேர். அண்ணன், அண்ணி, சிந்துஜா. பிரதீப்புக்கு ஆபீஸிலிருந்து போன் வந்து மத்தியானமே பெங்களூர் கிளம்பிவிட்டானாம், அதனால் என்ன, அவரை அங்கே தினம் பாக்கத்தானே போறேன், எனக்கு உங்க ரெண்டு பேரோட ஒரு படம் வேணும் என்று சிந்துஜா அம்மா அப்பாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். உங்க ரெண்டு பேரோட. டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டே தமயந்தி எண்ணினாள், எண்ணாமல் இருக்க முடியவில்லை, மூணு. மூணு என்றதும் நெஞ்சுக்குள் வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் துள்ளியதே, அதை என்ன சொல்ல. மாப்பிள்ளை வராததற்கு ஐயோ பாவம் என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கிறது, மனசு அங்கே மாம்பழ மஞ்சளையே கட்டியிருக்கலாமோ என்று யோசிக்கிறது. மாடியில் காற்று இருந்தது, வெயில் சாய்ந்து மலைக்கோட்டை தேன் நிறத்தில் நின்றது. ஸ்டாண்டை விரித்துக் கேமராவைப் பொருத்தியபோது அண்ணன் அடேயப்பா, தமாவுக்கு எல்லாம் அத்துப்படி ஆயிடுச்சே என்றார். கைப்பிடிச் சுவர் ஓரமாக மூவரும் நின்றார்கள், நடுவில் சிந்துஜா. அண்ணி இந்தப் பக்கம் பார்த்து, பார்த்த மாத்திரத்தில் பழைய பழக்கத்தில் கையை நீட்டிவிட்டாள், மூணு பேரா நிக்கிறோமே, தமயந்தி, நீயும் வந்து நின்னுடு. தமயந்தி ஓரடி எடுத்தும் வைத்துவிட்டாள்.

"நாமதான் நாலு பேர் ஆச்சேம்மா," என்றாள் சிந்துஜா, துப்பட்டாவை வயிற்றின்மேல் இழுத்து விட்டுக்கொண்டே.

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மூணு மாசம் முடியட்டும், அப்புறம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று யாரிடமும் சொல்லவில்லையாம், உன்கிட்ட இங்கே வந்து சொல்லணும்னு அவதான் பிடிவாதமா இருந்தா என்றாள். தமயந்தி எடுத்து வைத்த அடியை அப்படியே நீட்டிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள், கண்ணில் தண்ணீர் நிஜமாகவே வந்தது, கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கைக்குள்ளிருந்து இன்னொரு கை வரப்போகிறது, இதைவிட என்ன வேண்டும், எனக்கு வேறு என்ன வேண்டும், சந்தோஷம் தொண்டை வரைக்கும் இருந்தது, அதற்கு அடியில் அதே பழைய முள்ளும் இருந்தது. இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் அந்த ஓர இடத்துக்கு வந்து நின்றாயிற்று. குழந்தைமேல் பொறாமைப்படுகிறாயா, அசிங்கம், என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். நீங்க எடுங்க அத்தை, வெயில் போயிடும் என்றாள் சிந்துஜா. சரி, எடுப்போம், எடுப்பதற்குத்தானே கற்றுக்கொண்டது. திரும்பி வந்து குனிந்து கண்ணை வைத்தாள். கட்டங்கள் வந்தன. அண்ணன் முகத்தில் ஒன்று, அண்ணி முகத்தில் ஒன்று, நடுவில் சிந்துஜா முகத்தில் ஒன்று. மூணு. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள், மூணுதான். வயிற்றில் இருப்பதற்குக் கட்டம் போட அதற்குத் தெரியவில்லை. நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது. போடி, பைத்தியக்காரி, இத்தனை வருஷமாக நீதானே சிரித்தாய், எமனுக்கு எப்படித் தெரியும் என்று நீதானே கேட்டாய், அமுக்கு. விரல் பட்டனின்மேல் இருந்தது, அமுங்கவில்லை. எந்தக் கணக்கில் சேர்த்தாலும் எதிரே நிற்கும் முகம் மூணு, நடுவில் வயிற்றுப்பிள்ளைக்காரி, கடல் தாண்டிப் போகிறவள், தன் கொசுவத்தைப் பிடித்தவள். அண்ணி எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள், அவளே சிரித்துக்கொண்டு நிற்கிறாள், பயமெல்லாம் இப்போது இங்கே இந்த ஓட்டைக்குப் பின்னால் வந்து சேர்ந்துவிட்டது. என்ன ஆச்சு தமா என்று அண்ணன் கேட்டார். வெளிச்சம் சரியில்லேண்ணே, ஒரு நிமிஷம் என்று வாய் ஏதோ உளறியது, விரல் தானாகச் சக்கரத்தைத் திருப்பிக் கடிகாரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. அமுக்கிவிட்டு ஓடினாள். மாடித் தரை மேடும் பள்ளமுமாக இருந்தது, தண்ணீர்க் குழாயைத் தாண்ட வேண்டியிருந்தது, பழகிய கூடம் இல்லையே.

"இப்ப நீ எதுக்கு ஓடி வர்றே?" என்றாள் அண்ணி.

"கேமராவுக்கு மூணுதான் தெரியுது அண்ணி."

அண்ணியின் முகம் சட்டென்று வெளுத்தது. மகளின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நகர்ந்தாள், நகர்ந்த இடத்தில் தமயந்தி போய் நின்றாள், மூச்சு இரைத்தது, க்ளிக். எல்லோரும் போய்க் குனிந்து பார்த்தார்கள். படத்தில் அண்ணி கேமராவைப் பார்க்காமல் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அண்ணன் கண்ணை மூடியிருந்தார், தமயந்தியின் வாய் திறந்திருந்தது, சிந்துஜா மட்டும் அழகாக விழுந்திருந்தாள். இது வேணாம் அத்தை, இன்னொண்ணு எடுங்க என்றாள் அவள், விரலால் தட்டி அந்தப் படத்தை அழித்துவிட்டு. மூவரும் பேசிக்கொண்டே போய்க் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் பழையபடி நெருக்கமாக நின்றுகொண்டார்கள், அண்ணன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார், பேச்சில் பயம் மறந்துபோன அண்ணி பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் இடம் ஒன்றும் விட்டிருக்கவில்லை. தமயந்தி குனிந்து பார்த்தாள், கட்டம் மூணு இருந்தது. வா என்று யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. டைமரை அமுக்கிவிட்டு அவள் மறுபடி ஓடினாள்.